கட்டிலுக்கு வந்து சேராத கொடி

அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் டைலரம்மா வீட்டைக் காட்டிவிடுவார்கள். வாசலில் போர்டு கிடையாது. ரயில் பெட்டி போல நீண்ட ஒரே அறை. ரோட்டுப் பக்கம் ஜன்னல். ஜன்னலோரமாகத் தையல் மெஷின், ஜன்னல் திட்டில் ஒரு மணி பிளான்ட் தொட்டி, இரண்டுக்கும் நடுவே கழுத்தில் இஞ்சு டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு பெண். போகிறவர்கள் கம்பி வழியாகவே அளவு சட்டையைக் கொடுத்து, கம்பி வழியாகவே தைத்ததை வாங்கிக்கொண்டு போவார்கள்.

அவள் துணி வெட்டுவதைப் பார்க்க நெஞ்சுரம் வேண்டும். விலை உயர்ந்த பட்டாக இருந்தாலும் சரி, சாக்பீஸால் இரண்டு கோடு, அப்புறம் கத்திரி நிற்காது. துணிக்குச் சொந்தக்காரர்களுக்குத்தான் வியர்க்கும்.

"இவ்ளோ வேகமா வெட்டுறியே, தப்பாயிட்டா என்னம்மா பண்றது?"

"பயந்துகிட்டே வெட்டினாத்தான்க்கா தப்பாகும்."

இப்படிப் பேசியவள்தான் இரண்டடி எடுத்து வைக்கப் பயந்து கட்டிலோடு கிடந்தாள் என்றால் யார் நம்புவார்கள்?

சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவள். பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு ரெடிமேட் கடைக்குப் பட்டன் தைத்துக் கொடுத்துத் தம்பி தங்கைகளைக் கரையேற்றினாள். அவள் முதன்முதலாக வாங்கிய பழைய மெஷினுக்கு மோட்டார் மாட்ட வந்த எலக்ட்ரீஷியனின் சட்டைப் பை கிழிந்து தொங்கியது. வேலை முடிகிற வரை பொறுக்க முடியாமல், "அந்தச் சட்டையைக் கழட்டிக் குடுங்க, கண்ணை உறுத்துது" என்றாள். அவர் கழற்றிக் கொடுத்தார். பனியனோடு நின்று மோட்டாரை மாட்டி முடித்தார். சட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனவர், மறுவாரம் தைத்த பையைத் தானே கிழித்துக்கொண்டு வந்து நின்றார். அவரைத்தான் கட்டிக்கொண்டாள். தெருவில் அவருக்குப் பெயர் கரண்ட்காரர். பிள்ளை குட்டி இல்லை. அவருக்கு அவள், அவளுக்கு அவர், இருவருக்கும் அந்த மெஷின்.

பள்ளிக்கூடச் சீருடைகளை மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு போனபோது ஈரமான படிக்கட்டில் கால் வழுக்கியது. தொடை எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. "எலும்பு சேர்ந்தாச்சு. எங்க வேலை முடிஞ்சுது, இனிமே உங்க வேலைதான்" என்று சொல்லி ஒரு வாக்கரையும் கொடுத்து அனுப்பினார் டாக்டர்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் வாக்கரைப் பிடித்து எழுந்தாள். காலை ஊன்றியதும் முழங்கால் மடிந்து பாத்ரூம் வாசலில் சரிந்துவிட்டாள். அடி ஒன்றும் படவில்லை. ஆனால் விழுந்த அந்த ஒரு நொடியில் படிக்கட்டு மறுபடி கண்ணுக்கு முன்னால் வந்தது. அதற்குப் பிறகு டாக்டர் சொன்னாலும் சரி, கணவர் கெஞ்சினாலும் சரி, ஒரே பதில்தான். "நாளைக்குப் பாக்கலாங்க."

அந்த நாளை வரவே இல்லை. வாக்கரில் துண்டு காயப் போட ஆரம்பித்தார்கள். பாத்ரூமுக்கு அவர் தூக்கிக்கொண்டு போனார். கட்டில் அறையின் உள்கோடியில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் மறுகோடியில் பெட்ஷீட் போட்டு மூடிய மெஷின் தெரியும். அதைப் பார்க்கப் பொறுக்காமல் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். காலையில் திரும்பியவள் மாலை வரை அப்படியே கிடப்பாள்.

சுண்ணாம்புச் சுவரையே பார்த்துக்கொண்டு கிடக்கிற மனைவியின் முதுகைப் பார்த்துப் பார்த்து அந்த மனிதரின் நெஞ்சு எத்தனை முறை உடைந்திருக்கும்! ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒயர் அடிக்கிற கிளிப் பாக்கெட்டும் சுத்தியலுமாக வந்து நின்றார்.

"என்னங்க தட்டிக்கிட்டு இருக்கீங்க?"

"ஒயரிங் பண்றேன்."

"இந்தச் சுவத்துல எதுக்கு ஒயரு? லைட்டு இந்தப் பக்கம்தானே இருக்கு?"

"இது வேற கரண்டு. கண்ணை மூடிக்கிட்டு சும்மா படு."

கண்ணைத் திறந்தபோது, ஜன்னல் தொட்டியிலிருந்து மணி பிளான்ட் கொடி சுவரோடு சுவராக அவளை நோக்கிக் கிளம்பியிருந்தது. படுத்திருக்கிற கண்ணுக்கு எட்டுகிற உயரத்தில், ரசமட்டம் வைத்தது போல ஒரே நேர்கோடு. சாண் இடைவெளிக்கு ஒரு வெள்ளைக் கிளிப். அவள் பல நாட்களுக்குப் பிறகு சிரித்தாள்.

"செடிக்குக்கூட ஒயரிங்தானா? உங்களைத் திருத்தவே முடியாது."

அந்தச் சிரிப்புதான் வினையாகப் போயிற்று. அன்றைக்கே அவர் மனதுக்குள் ஒரு பந்தயம் கட்டிக்கொண்டார். இந்தக் கொடி என்றைக்கு வந்து கட்டிலின் தலைமாட்டைத் தொடுகிறதோ, அன்றைக்கு அவள் எழுந்து நடந்துவிடுவாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பலிக்காது என்று பயம்.

பந்தயம் கட்டியவர் சும்மா இருப்பாரா? உரக்கடையில் எதைக் கேட்டாலும் வாங்கிவந்து கொட்டினார். கொடியின் கணுக்களில் பக்கத் துளிர் எட்டிப் பார்த்தால் நகத்தால் கிள்ளி எறிந்தார். நடுவழியில் கரண்ட் கசிந்தால் கடைசி பல்பு எப்படி எரியும்? சத்து எல்லாம் நுனிக்கே போகட்டும் என்பது அவர் கணக்கு. தினம் வேலைக்குக் கிளம்பும் முன் நுனியை விரலால் தடவிப் பார்ப்பார். புது கிளிப் ஒன்று அடித்த நாளில் அவர் சாப்பிடுகிற சாப்பாடே தனியாக இருக்கும்.

கொடி ஓடியது. ஆனால் ஜன்னலை விட்டுத் தள்ளி வர வர இலைகள் சிறுத்தன. ஓர் இலைக்கும் அடுத்த இலைக்கும் நடுவே வெறும் தண்டு நீண்டது. பின்னால் இருந்த பழைய இலைகள் ஒவ்வொன்றாகப் பழுத்து விழுந்தன. கடைசியில் சுவர் முழுக்க மொட்டைக் கயிறு போல ஓடி, நுனியில் மட்டும் நாலைந்து வெளிறிய இலைகள்.

"ஏங்க, இதுல இலையே காணோமே?" என்று கேட்டாள்.

"வேகமா வருதுல்ல, இலை போட நேரம் இல்லை அதுக்கு."

தலைமாட்டுக்கு இரண்டு சாண் இருக்கும்போது கொடி நின்றுவிட்டது. நுனித் துளிர் விரியாமலே கருகியது. ஒரு வாரம் பார்த்தார். ஓர் அங்குலம் நகரவில்லை. டேய், இரண்டே சாண்தானே! பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கருகிய துளிரின் முன்னால் நின்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. இது அவளுக்குத் தெரியக்கூடாது என்பது ஒன்றுதான் அப்போது தோன்றியது.

மறுநாள் கொடியின் நுனியில் பளபளவென்று ஓர் இலை இருந்தது.

"பாரு, புது இலை!" என்றார், முகத்தைக் காட்டாமல் சட்டை மாட்டிக்கொண்டே.

அவள் பார்த்தாள். அன்று முழுக்கப் பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள். மூன்றாம் நாள் அவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது அவள் சுவர்ப் பக்கம் திரும்பியபடியே கேட்டாள்.

"என் டப்பாவுல இருந்து பச்சை நூல் எடுத்தீங்களா?"

அவர் கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது.

"பச்சைக்குப் பச்சை தெரியாதுன்னு நினைச்சீங்களோ? வயசு பூரா நூலோட வாழ்ந்தவ நான். முடிச்சுகூட உங்க முடிச்சுதான், ஒயரை முறுக்குற மாதிரி ரெண்டு முறுக்கு. வாடின இலையை எங்கிட்ட புது இலைன்னு காட்டுறீங்களே, நான் என்ன செத்துக்கிட்டா இருக்கேன், இப்படி ஏமாத்தி வெக்க?"

அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவருடைய அக்கா. ஊர்க்கோடியில் செடி வளர்த்து விற்கிறவள், நாக்கில் மட்டும் முள்ளுச்செடி வளர்ப்பவள் என்று தம்பியே கிண்டல் செய்வார். குழம்புத் தூக்கோடு உள்ளே நுழைந்தவள் சுவரைப் பார்த்ததும் தூக்கைத் தரையிலேயே வைத்துவிட்டாள்.

"என்னடா இது, துணி காயப் போடக் கொடி கட்டியிருக்கியா?"

"மணி பிளான்ட்டுக்கா."

"இதுவா? நான் குடுத்த செடியா? அடப்பாவி!" கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஜன்னலில் தொடங்கிக் கட்டில் வரை தண்டை விரலால் நீவிக்கொண்டே வந்தாள். நடுவில் நின்றாள். "ஒவ்வொரு கணுவுலயும் நகக்குறி இருக்கே. துளிரைக் கிள்ளினியா?"

"நீளமா வரணும்னு..."

"எதுக்குடா நீளம்? நாலு பக்கமும் துளிர்த்து அடர்த்தியா நிக்க வேண்டிய செடி இது. வெளிச்சத்துல இருக்க வேண்டியதை இருட்டுக்குள்ள இழுத்துட்டு வந்து, வந்த துளிரையும் கிள்ளிப் போட்டு, என்ன பாவம் பண்ணிச்சு உனக்கு இது? இந்த மூலைக்கு எதுக்கு வரணும்? சொல்லுடா!"

அக்காவின் அதட்டலுக்குச் சின்ன வயதிலிருந்தே அவருக்குப் பதில் சொல்லாமல் இருக்க வராது. தலையைக் குனிந்துகொண்டு பந்தயத்தைச் சொல்லிவிட்டார்.

முள்ளுச்செடி நாக்குக்காரி முதல்முறையாக வாயடைத்து நின்றாள். கட்டிலில் கிடந்தவள் மெல்லப் புரண்டு, எத்தனையோ நாட்களுக்குப் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினாள். கண்ணிலிருந்து தண்ணீர் காதோரமாக வழிந்து தலையணைக்குள் இறங்கியது. ஆனால் குரலில் அழுகை இல்லை.

"எனக்காக ஒரு செடிகிட்ட பேரம் பேசியிருக்கீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

"கேட்டா நாளைக்குன்னு சொல்லுவே..."

அந்தச் சொல் அவள் நெஞ்சில் ஊசி போல இறங்கியது. நாத்தனாரைப் பார்த்தாள். "அண்ணி, இதைப் பொழைக்க வெக்க முடியுமா?"

"முடியாம என்ன? வெட்டணும். துண்டு துண்டா வெட்டி, அடிக்கணு தண்ணியில முங்குற மாதிரி பாட்டில்ல போட்டு ஜன்னல்ல வெச்சா வேர் விடும். அப்புறம் எல்லாத்தையும் ஒரே தொட்டியில சேர்த்து நட்டா புதரா வரும்."

"இலையே இல்லாத தண்டு?"

"கணு உசிரோட இருந்தாப் போதும், அதுவும் முளைக்கும். தலைகீழா மட்டும் வெச்சிடக்கூடாது. மொட்டைத் தண்டுல எது மேல, எது கீழன்னு தெரியாமப் போயிடும், அதான் தொல்லை. சரி, கத்திரி எங்க இருக்கு? நானே வெட்டிடறேன்."

"இருங்கண்ணி. யாரும் தொடக்கூடாது. என் கத்திரியை எங்கிட்ட குடுங்க."

கரண்ட்காரர் பரபரத்தார். "இரு இரு, தொட்டியைக் கட்டிலுக்கே தூக்கிட்டு வரேன்."

"வேண்டாம்!" அவள் போட்ட சத்தத்தில் அவர் நின்ற இடத்திலேயே நின்றார். "இங்க கொண்டு வந்து கொண்டு வந்துதான் அது இப்படி ஆச்சு. நானும் இப்படி ஆனேன். இனிமே இந்த வீட்டுல எதுவும் கட்டிலுக்கு வரக்கூடாது. எந்தக் கிளிப் வரைக்கும் நான் நடக்குறேனோ, அது வரைக்கும் நானே வெட்டுறேன். வாக்கர்ல கிடக்குற துண்டை எல்லாம் எடுங்க."

நாத்தனார் துண்டுகளை அள்ளித் தம்பியின் தலையில் போட்டாள். "கேட்டுதாடா? எடுத்து உள்ள வை."

அன்றைக்கு அவள் எடுத்து வைத்தது நாலே அடி. அந்த நாலடிக்குள் இரண்டு தடவை முழங்கால் நடுங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டு முதல் கிளிப்புக்கு நேராகச் சுவரைப் பிடித்து நின்றாள். நூலில் தொங்கிய வாடிய இலையை முதலில் வெட்டிக் கீழே போட்டாள். அப்புறம் நல்ல இலைகள் இருந்த நுனித் தண்டைக் கணுவுக்குக் கீழே ஒரே வெட்டு. கத்திரி கைக்கு வந்ததும் கை நடுங்கவில்லை என்பதை மூன்று பேருமே கவனித்தார்கள்.

ஒரு நாளைக்கு ஒரு கிளிப், தெம்பு இருந்தால் இரண்டு. கணவர் பின்னால் ஸ்டூலோடு நடப்பார். அவள் கிளிப்பைப் பிடுங்கி அவர் சட்டைப் பையில் போடுவாள், தண்டை வெட்டுவாள், ஒவ்வொரு துண்டின் மேல்முனையிலும் பச்சை நூலால் ஒரு முடிச்சு போடுவாள். துணிக்கு நல்ல பக்கம் எது என்று அடையாளம் வைக்கிற அதே பழக்கம். எது தலை எது கால் என்று இனிக் குழப்பம் இல்லை. "திருட்டு நூலுக்கு இப்பத்தான் நேர்மையான வேலை கிடைச்சிருக்கு" என்று குத்திக்காட்டாமல் முடிச்சு விழாது. அவர் துண்டுகளைப் பழைய ஜாம் பாட்டில்களில் தண்ணீர் ஊற்றி, நூல் முடிச்சு மேலே தெரிகிற மாதிரி ஜன்னல் திட்டில் அடுக்குவார். தண்ணீர் கலங்கினால் மாற்றுவார். உரப் பாக்கெட்டுகளை அக்கா பறிமுதல் செய்துகொண்டு போய்விட்டாள்.

சுவரில் கொடி குறைந்துகொண்டே போனது. தரையில் அவள் நடக்கிற தூரம் கூடிக்கொண்டே போனது.

பாதி வழி தாண்டிய பிறகுதான் அந்தச் சோதனை வந்தது. வாக்கரின் கால் தரைவிரிப்பு ஓரத்தில் இடறியது. ஸ்டூல் எட்டுவதற்குள் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எலும்புக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார். மனசுக்குப் படம் எடுக்கிற மெஷின் எங்கே இருக்கிறது? மறுநாள் காலை அவள் எழவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். கட்டில் பக்கத்துச் சுவரில் இப்போது கொடிகூட இல்லை, கிளிப் ஆணி போன ஓட்டைகள்தான் இருந்தன.

"என்னம்மா, நடக்கலியா?"

"நாளைக்குப் பாக்கலாங்க."

ஆனால் அவர் வாக்கரில் துண்டு போடவில்லை. இப்படியே சில நாட்கள் போயின. ஒரு காலை வேளை, பாட்டில்களுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தவர் திடீரென்று, "ஏய்!" என்றார்.

"என்ன?"

"முளைச்சிருக்கு. இலையே இல்லாத துண்டுல. நடுவுல வெட்டினியே, மொட்டைத் தண்டு, அதுல பச்சையா ஒரு துளிர். கீழ வேரும் விட்டிருக்கு, வெள்ளை நூலு மாதிரி."

அவள் முதுகைத் திருப்பாமலே கேட்டாள். "மறுபடியும் கட்டி வெச்சிட்டீங்களா?"

"இல்லம்மா, சத்தியமா."

"அப்ப இங்க கொண்டாங்க, பாக்குறேன்."

பாட்டில் அவர் கையில்தான் இருந்தது. பத்து எட்டு வைத்தால் கட்டில். அத்தனை நாளும் அவளைத் தூக்கிச் சுமந்த கை, அவள் கேட்டு ஒன்றை இல்லை என்று சொல்லியே பழகாத மனிதர். பாட்டிலை ஜன்னல் திட்டில் திரும்ப வைத்தார்.

"கொண்டு வர மாட்டேன்."

"என்னது?"

"நீதானே சொன்ன, இனிமே கட்டிலுக்கு எதுவும் வரக்கூடாதுன்னு. வந்து பாரு. நான் புளுகுறேனா இல்லையான்னு நீயே பிரிச்சுப் பாரு."

அவள் விருட்டென்று திரும்பினாள். கல்யாணம் ஆன நாள் முதல் அவர் அவளை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. கோபத்தில் முகம் சிவந்தது. "கொழுப்பைப் பாரு! அந்த வாக்கரை இந்தப் பக்கம் தள்ளுங்க."

தள்ளினார். அவள் எழுந்தாள். ஸ்டூலை எடுத்துக்கொண்டு பின்னால் வரப் போனவரைப் பார்வையாலேயே நிறுத்தினாள். இடறிய தரைவிரிப்பை வாக்கரின் காலாலேயே சுருட்டி ஓரம் தள்ளினாள். ஓட்டைகளைத் தாண்டினாள். வெட்டிய இடத்தைத் தாண்டினாள். அதற்கப்புறம் கிளிப்புகள் அப்படியே இருந்தன, அவள் ஒன்றைக்கூடத் தொடவில்லை. தொடை எரிந்தது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. விழுந்தால் விழட்டும், எழுந்திரிச்சுக்கலாம் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு வந்தாள். ஜன்னலருகே நின்றிருந்த மனிதர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நீண்டுவிடுமோ என்று கைகள் மேல் அவருக்கே நம்பிக்கை இல்லை.

ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியபடியே முதல் வேலையாக அந்தப் பாட்டிலை எடுத்தாள். துளிரை நகத்தால் மெல்ல நிமிண்டிப் பார்த்தாள். சுற்றிலும் தடவிப் பார்த்தாள். மேலே அவள் போட்ட முடிச்சைத் தவிர வேறு நூல் இல்லை. அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நிஜம்தான்."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குள் அந்த மனிதர் மெஷினைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழ ஆரம்பித்துவிட்டார்.

"அழறதை அப்புறம் வெச்சுக்கலாம். கத்திரி எங்க?"

தொட்டியில் மிச்சம் இருந்த கொடியைத் திரும்பிப் பார்த்தாள். மண்ணுக்கு மேலே இரண்டு கணுவை மட்டும் விட்டுவிட்டு ஒரே வெட்டு. அவர் "ஐயோ" என்று வாயைத் திறந்து, உடனே மூடிக்கொண்டார். அறுந்து தொங்கிய மீதியைக் கிளிப்புகளிலிருந்து உருவித் துண்டாக்கி, நூல் முடிச்சு போட்டுப் பாட்டிலில் இட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் பெரிய தொட்டியும் மண்ணுமாக வந்தாள். வந்தவளுக்கு வாசலைத் திறந்தது டைலரம்மா. வாக்கரோடுதான், ஆனால் நின்றுகொண்டு. பழைய வேரோடு கூடிய அடித்தண்டை நடுவில் வைத்தார்கள். வேர்விட்ட துண்டுகளைச் சுற்றிலும் நெருக்கமாக நட்டார்கள். வேர் விடாத மொட்டைத் தண்டுகளை மண்ணின் மேல் படுக்க வைத்து, கணுக்கள் மண்ணில் அழுந்தும்படி கொண்டை ஊசிகளை வளைத்துக் குத்தினாள் டைலரம்மா. நாத்தனார் மண்ணை அழுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"டேய் தம்பி, இந்தத் தொட்டி ஜன்னலை விட்டு ஒரு சாண் நகர்ந்துதுன்னு தெரிஞ்சுது, உன்னைத் தொட்டியில நட்டுடுவேன். துளிர் வந்தா கிள்ளாதே. நீளமா ஓடினா நுனியை மட்டும் கிள்ளு, அப்பத்தான் பக்கத்துல துளிர்க்கும்."

"நான் எதுக்குக்கா கிள்ளணும்? வெட்டுறதுக்குத்தான் ஆள் இருக்கே."

டைலரம்மா மெஷின் மேலிருந்த பெட்ஷீட்டை உருவி மடித்து வைத்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து, நல்ல காலை மிதியில் வைத்து, அப்புறம் ஆபரேஷன் செய்த காலையும் தூக்கி வைத்தாள். அந்தக் காலை வைத்துப் பார்த்ததோடு சரி, அழுத்தவில்லை. மோட்டார் எப்போதோ துரு பிடித்திருக்கும் என்று நினைத்தாள். ஆனால் நல்ல காலால் மிதித்ததும் அது சத்தமில்லாமல் ஓடியது. யார் எண்ணெய் போட்டு வைத்திருந்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. கணவரைக் கூப்பிட்டு அவர் சட்டைப் பையைப் பார்த்தாள். பிடுங்கின கிளிப்புகளின் ஆணி குத்திக் குத்திப் பை அடியில் ஓட்டை.

"கழட்டிக் குடுங்க. கண்ணை உறுத்துது."

பனியனோடு நின்றவர், வேலை கையில் இல்லாத பரபரப்பில் சுவரைக் காட்டினார். "அந்த ஓட்டை எல்லாம் புட்டி வெச்சு அடைச்சிடவா? அசிங்கமா இருக்கு."

"இருக்கட்டும், இன்னைக்கு வேண்டாம்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சட்டையை உதறி அவர் கையில் கொடுத்துவிட்டு வாக்கரைப் பிடித்து எழுந்தாள். தூக்க ஓடி வந்த கையைத் தட்டிவிட்டாள்.

"வந்தாச்சு. இப்ப திரும்பிப் போகணும்ல?"

சுவரோரமாக, முதல் ஓட்டையைக் கண்ணால் குறிவைத்து, அவள் நடக்க ஆரம்பித்தாள்.